மணல் குடம் எப்போ உடையும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கு.)

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அக்கா போன் பண்ணாங்க. குரல்லயே தெரிஞ்சது, கோவத்துல இருக்காங்கன்னு.

"தம்பி, நீ சொன்ன மாதிரியே சாயில் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டேன்டா. அந்த ஆள் சிரிக்கிறான். அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா, மாடுலர் கிச்சனைப் பாருங்கன்றான்."

கொஞ்சம் பின்னணி சொல்லிடறேன். எங்க ஊர் படவேடு. ஆரணிப் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம். அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஆரணியில. அக்காவும் மாமாவும் பட்டுத்தறி போட்டிருக்காங்க. இருபது வருஷம் நெஞ்சு சேர்த்த பணம். பொண்ணு சென்னையில வேலைக்குப் போறா, வாடகை கட்டி மாளல, ஒரு ஃப்ளாட் வாங்கிடலாம்னு முடிவு பண்ணினாங்க. பார்த்த இடம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம், பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவுல. விலை கட்டுப்படியாகுது, மொட்டை மாடியில நின்னா கடல் தெரியுது. நான் சிவில் படிச்சவன். அதனால வீட்டுல என்ன வாங்கினாலும் "தம்பியை ஒரு வார்த்தை கேளு"ன்னு வரும். நான் கேட்கச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: அந்த மண்ணோட ரிப்போர்ட்.

ஏன் அதைக் கேட்கச் சொன்னேன்ங்கறதுதான் இன்னைக்கு எபிசோடு. நிலநடுக்கம் வரும்போது சில இடங்கள்ல மண்ணே தண்ணி மாதிரி ஆயிடும். இன்ஜினியர்கள் லிக்விஃபேக்ஷன்னு சொல்லுவாங்க. தமிழ்ல மண் திரவமாதல். அது எப்படி நடக்குது, எங்க நடந்திருக்கு, அதோட சேதத்தை எப்படிக் குறைக்கலாம்னு பார்ப்போம்.

எங்க ஊர்க் கதை

படவேடுன்னா முதல்ல ஞாபகம் வர்றது ரேணுகாம்பாள் கோவில். ஆடி மாசம் வந்து பார்த்தவங்களுக்குக் கூட்டம் எப்படி இருக்கும்னு தெரியும். அந்த அம்மனோட கதையைச் சின்ன வயசுல ஆயா சொல்லித்தான் கேட்டிருக்கேன். ஜமதக்னி முனிவரோட மனைவி ரேணுகா தினமும் ஆத்துக்குப் போவாங்க. அங்க இருக்கிற மணலையே கையால பிடிச்சு ஒரு குடம் பண்ணி, அதுல தண்ணி மொண்டுக்கிட்டு வருவாங்க. சுடாத குடம், பச்சை மணல். ஒரு நாள் தண்ணியில ஒரு கந்தர்வனோட நிழலைப் பார்த்து மனசு ஒரு நொடி அசைஞ்சுது. அன்னைக்கு மணல் நிக்கல. குடம் கரைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் பெரிய கதை.

காலேஜ்ல மண்ணியல் பாடம் நடத்தினப்போ எனக்கு இந்தக் குடம்தான் ஞாபகம் வந்தது. ஏன்னா மணலைப் பத்தி முக்கியமான விஷயம் அதுலயே இருக்கு. காய்ஞ்ச மணலைக் கையில அள்ளினா விரலுக்கு நடுவுல ஒழுகிடும். லேசா ஈரம் இருந்தா உருண்டை பிடிக்கலாம், கடற்கரையில கோபுரம் கட்டலாம். மணல் துகளுக்கு நடுவுல இருக்கிற மெல்லிய ஈரம் ஒண்ணையொண்ணு இழுத்துப் பிடிச்சுக்கிது. அதே மணல்ல இடைவெளி முழுக்கத் தண்ணி நிரம்பிட்டா அந்தப் பிடிப்பு போயிடும். கொஞ்சம் தண்ணி மணலைச் சேர்த்து வைக்கும், நிறையத் தண்ணி கைவிட்டுடும்.

படியில அரிசி

இப்போ விஷயத்துக்கு வருவோம். பழைய மளிகைக் கடையில படியில அரிசி அளக்கறதைப் பார்த்திருக்கீங்களா? விளிம்பு வரைக்கும் கொட்டிட்டு, பக்கத்துல ரெண்டு தட்டு தட்டினா அரிசி கீழ இறங்கும். மேல இன்னும் ஒரு கைப்பிடி பிடிக்கும். அரிசி கூடவும் இல்ல, குறையவும் இல்ல. தளர்வா கிடந்தது தட்டினதும் நெருங்கி உட்கார்ந்துக்குது, அவ்வளவுதான்.

தளர்வான மணலும் அப்படித்தான். ஆறு கொண்டுவந்து போட்ட மணல், கடல் ஒதுக்கின மணல், லாரியில கொண்டுவந்து கொட்டி நிரப்பின மணல், இதெல்லாம் படியில கொட்டின அரிசி மாதிரி தளர்வா கிடக்கும். நிலநடுக்கம் அந்தப் படியைத் தட்டுது. மணல் நெருங்கி உட்காரப் பார்க்குது.

ஆனா ஒரு வித்தியாசம். அரிசிக்கு நடுவுல இருக்கிறது காத்து, சுலபமா வெளிய போயிடும். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழ இருக்கிற மணலுக்கு நடுவுல இருக்கிறது தண்ணி. மணல் நெருங்கணும்னா தண்ணி இடத்தைக் காலி பண்ணணும். நிலநடுக்கம் ஆடறது சில நொடிகள், அதிகபட்சம் சில நிமிஷம். அதுக்குள்ள அவ்வளவு தண்ணியும் வெளிய போக வழி கிடைக்காது. அதனால தண்ணியோட அழுத்தம் ஏறிக்கிட்டே போகும்.

சாதாரண நாள்ல நம்ம வீட்டோட பாரத்தைத் தாங்கறது மணல் துகள்கள். ஒண்ணுமேல ஒண்ணு உட்கார்ந்து, உரசிப் பிடிச்சு, பாரத்தைக் கீழ கடத்துது. தண்ணியழுத்தம் ஏற ஏற, அந்தப் பாரத்தைத் தண்ணி தன்மேல எடுத்துக்குது. துகள்கள் ஒண்ணையொண்ணு விட்டு மிதக்க ஆரம்பிக்கும். உரசல் போச்சுன்னா மணலுக்குப் பலமே கிடையாது. அந்த நிமிஷம் அது நிலம் இல்ல, கெட்டியான கஞ்சி.

அப்புறம் நடக்கறதை நீங்களே ஊகிக்கலாம். கனமான கட்டிடம் முழுகும், இல்லன்னா சாயும். உள்ள காலியா இருக்கிற சம்ப், பாதாளச் சாக்கடையோட மேன்ஹோல் இதெல்லாம் லேசு, அதனால மேல மிதந்து வரும். ஜப்பான்ல 2004 அக்டோபர்ல நீகாட்டா பகுதியில நிலநடுக்கம் வந்தப்போ ரோட்டு நடுவுல மேன்ஹோல்கள் தூண் மாதிரி எழும்பி நின்னது. நிலம் லேசா சரிவா இருந்தா மொத்த மேல்மண்ணும் பக்கவாட்டுல வழுக்கிட்டுப் போகும். கடைசியில அழுத்தம் தாங்காத தண்ணி மணலையும் சேர்த்துத் தூக்கிட்டு, தரையைப் பொத்துக்கிட்டு ஊத்து மாதிரி வெளிய வரும். அது அடங்கினதும் நிலம் கீழ இறங்கி உட்காரும்.

நம்பிக்கை வரலையா? மெரினாவுக்குப் போங்க. அலை திரும்பற இடத்துல, மணல் கெட்டியா பளபளன்னு இருக்குமே, அங்க நின்னு காலை வேகமா ஆட்டுங்க. பத்து நொடியில கணுக்கால் வரைக்கும் உள்ள போயிடும். ஆட்டறதை நிறுத்திட்டு ஒரு நிமிஷம் நில்லுங்க, மறுபடி கெட்டியாயிடும், காலை உருவறதே கஷ்டம். நிலநடுக்கம் பெரிய அளவுல பண்றது இதைத்தான்.

ஆக, மூணு விஷயம் ஒண்ணு சேரணும். தளர்வான மணல். அதுல முழுசா நிரம்பின தண்ணி. போதுமான ஆட்டம். இதுல ஒண்ணு இல்லன்னாலும் இது நடக்காது. இதை மனசுல வெச்சுக்கோங்க. மீதி எபிசோடு முழுக்க இந்த மூணுலதான் நிக்குது.

மூணும் சேர்ந்த நாட்கள்

நம்ம நாட்டுலயே பெரிய உதாரணம் இருக்கு. 1934 ஜனவரி 15, மதியம் ரெண்டு மணிக்கு மேல. பீகார்–நேபாள நிலநடுக்கம், ரிக்டர்ல 8-க்கு மேல. பத்தாயிரம் பேருக்கு மேல இறந்தாங்க. வட பீகார்ல சீதாமடி, மதுபனி, பூர்ணியா பக்கமா கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை. அங்க வீடுகள் ஆட்டத்துல இடிஞ்சதை விட மண்ணுல சாய்ஞ்சதும் இறங்கினதும்தான் அதிகம். வயல் முழுக்க மணல் ஊத்துகள் கிளம்பி விளைநிலத்தை மூடிச்சு. கிணறெல்லாம் மணலால தூர்ந்து போச்சு. உயிர் பிழைச்ச விவசாயிக்குக் குடிக்கத் தண்ணியும் இல்ல, விதைக்க நிலமும் இல்ல.

இதுல நம்ம ஊர் சம்பந்தம் ஒண்ணு இருக்கு. அந்த மாசம் காந்தி தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணத்துல இருந்தார். ஜனவரி 24-ம் தேதி திருநெல்வேலியில பேசும்போது, தீண்டாமைங்கற பாவத்துக்குக் கிடைச்ச தண்டனைதான் இந்த நிலநடுக்கம்னு சொன்னார். தீண்டாமையை எதிர்த்ததுல காந்தியோட நின்ன தாகூரே இதை ஏத்துக்கல. இயற்கையில நடக்கற நிகழ்ச்சிக்கு இயற்கையிலதான் காரணம் தேடணும்னு பகிரங்கமா மறுப்பு எழுதினார். எனக்கு ரெண்டு பேர் மேலயும் மரியாதை உண்டு. ஆனா இந்த விஷயத்துல நான் தாகூர் பக்கம். காரணத்தை மனுஷங்க பாவத்துல தேடினா, அடுத்த வீட்டை எப்படிக் கட்டணும்னு நமக்குத் தெரியாமலே போயிடும்.

அடுத்தது நம்ம தலைமுறை கேள்விப்பட்டது. 2001 ஜனவரி 26, குடியரசு தினக் காலை, பூஜ் நிலநடுக்கம், அளவு 7.7. இடிபாடுகளோட படங்கள்தான் எல்லாருக்கும் ஞாபகம். ஆனா கட்ச் ரான் உப்பு வெளியில வேற ஒண்ணு நடந்தது. வறண்ட நிலத்துல மணலும் தண்ணியுமா ஊத்தெடுத்துச்சு. செயற்கைக்கோள் படத்துல பார்த்தா, பழைய ஆத்துத் தடங்கள்ல திடீர்னு தண்ணி தெரிஞ்சது. அந்தப் பக்கத்து மண் அணைகள் பலதுக்கு அடியில மண் இளகி, கரை பிளந்து சரிஞ்சது. நல்ல வேளையா வறட்சிக் காலம், அணைகள்ல தண்ணி குறைவு. நிறைஞ்சிருந்தா கதையே வேற.

இதே நாள் காண்ட்லா துறைமுகத்துல நடந்தது இன்ஜினியர்களுக்கு ஒரு பாடம். அங்க துறைமுகம், சுங்க அலுவலகக் கோபுரம் ஒண்ணு, 22 மீட்டர் உயரம். 32 பைல் போட்டு, ஒவ்வொண்ணும் 18 மீட்டர் ஆழம் இறக்கிக் கட்டினது. கேட்டா "பைல் ஃபவுண்டேஷன் சார், கவலையே வேண்டாம்"னு தோணும் இல்லையா? ஆனா மேல சுமார் 10 மீட்டர் களிமண், அதுக்குக் கீழ மணல். பைல் போய் முடிஞ்சது அந்த மணல்ல. மணல் இளகினதும் மேல இருந்த களிமண் பக்கவாட்டுல நகர்ந்துச்சு. கோபுரம் விழல, ஆனா சாய்ஞ்சு போச்சு. பைல் இருக்கான்னு மட்டும் கேட்டா பத்தாது, அது எங்க போய் நிக்குதுன்னு கேட்கணும்.

உலகம் இந்தப் பிரச்சினையைச் சீரியஸா எடுத்துக்கிட்டது 1964-ல. அந்த வருஷம் ஜூன் 16, ஜப்பான்ல நீகாட்டா. ஆத்தங்கரை மணல்ல கட்டின அடுக்குமாடிக் குடியிருப்புகள் அப்படியே சாய்ஞ்சுது, அதுல ஒண்ணு கிட்டத்தட்டப் படுத்தே போச்சு. ஆச்சரியம் என்னன்னா, சுவர்கள் பெரும்பாலும் முழுசா இருந்தது. கட்டிடத்துல குறையில்ல, அடியில இருந்த மண்ணு கைவிட்டுடுச்சு.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். 2018 செப்டம்பர் 28, இந்தோனேசியாவுல பாலு நகரம். பெடோபோ, பலரோவான்னு ரெண்டு குடியிருப்புப் பகுதிகள். தரை பார்வைக்குச் சமதளம் மாதிரி, ரொம்ப லேசான சரிவு. நிலநடுக்கத்துல அந்தப் பகுதிகளே சேறா ஓடி, வீடுகளை இழுத்துக்கிட்டுப் போச்சு. பெடோபோவுக்கு மேல ஒரு பாசனக் கால்வாய். நெல் வயல்களுக்குப் பாய்ச்சின தண்ணி நிலத்தடி நீர்மட்டத்தை மேல கொண்டுவந்ததுக்கு இதுல பெரிய பங்கு உண்டுன்னு ஆய்வாளர்கள் எழுதியிருக்காங்க. அதாவது, மூணு விஷயத்துல ஒண்ணை மனுஷங்க தெரியாம சேர்த்துட்டாங்க.

நீர்மட்டம் மேல வர்றதுன்னா என்னன்னு எங்க மாமாவுக்கு விளக்கவே வேண்டாம். குழித்தறி தெரியுமில்லையா? வீட்டுத் தரையில குழி வெட்டி, அதுல காலை விட்டு மிதியை மிதிச்சு நெய்யறது. நல்ல மழை வருஷத்துல ஐப்பசி, கார்த்திகையில அந்தக் குழிக்குள்ள தண்ணி ஊறும். தறி நிக்கும், கூலி நிக்கும். நிலத்தடி நீர் எவ்வளவு கிட்ட வருதுன்னு நெசவாளிக்குப் பாதத்துலயே தெரியும்.

நம்ம ஊருக்கு வருமா?

இதைக் கேட்டுட்டுப் பதட்டப்பட வேண்டாம். சின்ன அதிர்வுக்கெல்லாம் மண் இளகாது. பொதுவா 5-க்கு மேல இருக்கிற நிலநடுக்கம் வேணும், அதுவும் கிட்டத்துல. களிமண் ஒட்டிக்கிற மண், அது இந்த மாதிரி இளகறதில்ல. பாறையும் கெட்டியான செம்மண்ணும் இருக்கிற இடத்துக்கும் இந்தப் பயம் இல்ல. தளர்வான மணல், மணல் மாதிரியே ஒட்டாத வண்டல், இதுதான் பிரச்சினை. அதுவும் பெரும்பாலும் மேல இருக்கிற 15, 20 மீட்டர் ஆழத்துக்குள்ள.

ஆனா தமிழ்நாட்டுக்கு நிலநடுக்கமே வராதுன்னு சொல்றதும் சரியில்ல. 1900 பிப்ரவரியில கோயம்புத்தூர்ப் பக்கம் 6 அளவுக்கு ஒண்ணு வந்திருக்கு. 2001 செப்டம்பர் 25-ம் தேதி புதுச்சேரிக்குக் கிழக்க கடலுக்குள்ள சுமார் 5.5 அளவுல வந்தப்போ சென்னையில ஜனங்க வீட்டை விட்டு ரோட்டுக்கு ஓடி வந்தாங்க. 2002-ல இந்தியாவோட நிலநடுக்க வரைபடத்தைத் திருத்தினப்போ சென்னையை இரண்டாவது மண்டலத்துலேர்ந்து மூணாவது மண்டலத்துக்கு மாத்தினாங்க. மூணுன்னா மிதமான அபாயம். அதிகம்னு அர்த்தமில்ல, இல்லவே இல்லன்னும் அர்த்தமில்ல.

எங்க படவேட்டையே எடுத்துக்கோங்க. சம்புவராயர்கள் தலைநகரமா இருந்த ஊர். அந்தக் காலத்துக் கோவில்கள் பல மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடந்து, பின்னாடி தோண்டியெடுத்துப் புதுப்பிச்சாங்க. மூடினது நிலநடுக்கம் இல்ல. ஆத்து வெள்ளமும் மணல் புயலும்தான்னு ஊர்ல சொல்லுவாங்க. நான் இதைச் சொல்றதுக்குக் காரணம், நம்ம காலடியில இருக்கிற மண்ணு ஆதியிலேர்ந்தே அங்க இருந்ததுன்னு நாம நினைச்சுக்கறோம். அப்படி இல்ல. ஆறு எடுத்துட்டு வரும், கடல் ஒதுக்கும், மனுஷன் ஏரியில கொண்டுபோய்க் கொட்டுவான். எவ்வளவு புதுசா வந்த மண்ணோ அவ்வளவு தளர்வு. வீடு வாங்கறவங்க, இந்த மண்ணு இங்க எப்படி வந்துச்சுன்னு ஒரு தடவை கேட்கலாம்.

சேதத்தைக் குறைக்கிற வழிகள்

மூணு விஷயம் சேர்ந்தாதான் ஆபத்துன்னு சொன்னேன். ஆட்டத்தை நம்மால நிறுத்த முடியாது. மீதி ரெண்டுல கை வைக்கலாம்.

முதல் வழி, படியை நாமே முன்கூட்டித் தட்டிடறது. மணலை இறுக்கறது. பல டன் எடையை கிரேன்ல தூக்கி, உயரத்துலேர்ந்து திரும்பத் திரும்பப் போடுவாங்க. இல்லன்னா அதிர்ற நீளமான கம்பியை உள்ள இறக்கி மணலை நெருக்கி உட்கார வைப்பாங்க. இல்லன்னா மணல் தூண்களை அழுத்தி உள்ள செருகி, சுத்தி இருக்கிற மணலை இறுக்குவாங்க.

இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் டோக்கியோ டிஸ்னிலாண்ட். அது கடலை நிரப்பி உண்டாக்கின நிலத்துல, உராயாசுங்கற ஊர்ல இருக்கு. 2011 மார்ச் 11, ஜப்பானோட அந்தப் பெரிய 9.0 நிலநடுக்கம். உராயாசு ஊர் முழுக்க மண் இளகி, ரோடு, பைப், வீடுன்னு எல்லாம் கோணலாச்சு. டிஸ்னிலாண்ட் பூங்கா இருக்கிற இடத்தைக் கட்டும்போதே மணலை இறுக்கியிருந்தாங்க. அங்க பெரிய சேதமில்ல. மண்ணைச் சரி பண்ணாம விட்ட கார் பார்க்கிங்ல மண் இளகிச்சு. ஒரே ஊர், ஒரே நிலநடுக்கம், பக்கத்துப் பக்கத்து இடம். வித்தியாசம் முன்னாடி செஞ்ச வேலையில மட்டும்தான்.

ரெண்டாவது வழி, தண்ணிக்கு வாசல் திறந்து விடறது. மண்ணுக்குள்ள துளை போட்டு ஜல்லி நிரப்பித் தூண் மாதிரி இறக்குவாங்க. ஸ்டோன் காலம்னு சைட்ல சொல்லுவாங்க. அழுத்தம் ஏறும்போது தண்ணி ஜல்லி வழியா சீக்கிரம் தப்பிச்சுடும். இறக்கும்போதே சுத்தி இருக்கிற மணலும் இறுகும், ஒரே வேலையில ரெண்டு லாபம். நம்ம நாட்டுலயும் நல்லாப் பழகின முறைதான்.

மூணாவது, மணலை ஒட்ட வைக்கிறது. சிமென்ட் கரைசலை உள்ள செலுத்தறது, இல்லன்னா மண்ணோடவே சிமென்ட்டைக் கலந்து நிலத்துக்கு அடியில கட்டம் கட்டமா சுவர் எழுப்பறது. 1995 ஜனவரியில கோபே நிலநடுக்கத்துல துறைமுகக் கரைச்சுவர்கள் கடல் பக்கம் நகர்ந்தப்போ, அப்படி ஒரு சிமென்ட்–மண் கட்டத்துமேல நின்ன ஓட்டல் கட்டிடம் தப்பிச்சது.

நாலாவது, இளகற மண்ணைத் தாண்டிப் போறது. பைலைக் கெட்டியான அடுக்கு வரைக்கும் இறக்கணும். அதோட, மேல்மண் பக்கவாட்டுல தள்ளினாலும் முறியாத அளவுக்குப் பலமா டிசைன் பண்ணணும். காண்ட்லாவை மறக்க வேண்டாம்.

அஞ்சாவது, குழாய்கள். கட்டிடம் தப்பிச்சாலும் தண்ணி, கழிவுநீர் லைன் அறுந்தா வீட்டுல இருக்க முடியாது. கட்டிடமும் ரோடும் சேர்ற இடத்துல வளைஞ்சு கொடுக்கிற குழாயும் இணைப்பும் போட்டா பிழைக்கும். இது பெரிய செலவும் இல்ல. ஏற்கெனவே கட்டின வீட்டுல இருக்கிறவங்க முதல்ல கவனிக்கலாம்.

கடைசி வழி, அங்க கட்டாமலே இருக்கறது. நியூசிலாந்துல கிறைஸ்ட்சர்ச்ல 2010, 2011 நிலநடுக்கங்களுக்கு அப்புறம், ஆத்தை ஒட்டியிருந்த பகுதிகள்ல மண் திரும்பத் திரும்ப இளகிச்சு. வீட்டுக்குள்ள வந்த சேத்தை அள்ள மாணவர்கள் கூட்டம் கூட்டமா மண்வெட்டியோட போனாங்க. கடைசியில அரசாங்கம் சுமார் 8,000 வீட்டு மனைகளை இனி குடியிருக்கத் தகுதியில்லாத பகுதின்னு அறிவிச்சு, வீட்டுக்காரங்ககிட்ட விலைக்கு வாங்கிச்சு. வீடு விட்டுப் போனவங்களுக்கு அது லேசான முடிவு இல்ல. ஆனா அதே இடத்துல மறுபடி கட்டறதை விட அது நியாயம்னு முடிவு பண்ணினாங்க.

நீங்க கேட்க வேண்டியது

இதெல்லாம் பில்டர் வேலை, நமக்கு என்னன்னு கேட்கலாம். வீட்டுக்கடன் இருபது வருஷம் கட்டப் போறது நாமதான். அதனால அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க.

ஒண்ணு, சாயில் டெஸ்ட் ரிப்போர்ட் காட்டுங்க. எத்தனை இடத்துல போர் போட்டாங்க, எவ்வளவு ஆழம்? அதுல என் வேல்யூன்னு ஒரு எண் இருக்கும். துளைக்குள்ள ஒரு குழாயை வெச்சு, 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்துலேர்ந்து திரும்பத் திரும்பப் போடுவாங்க. முதல் 15 சென்டிமீட்டரைக் கணக்குல எடுக்காம, அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆச்சுன்னு எண்ணறதுதான் அந்த எண். மணல்ல 10-க்குக் கீழன்னா தளர்வு. 30-க்கு மேலன்னா நல்ல இறுக்கம்.

ரெண்டு, நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்துல? எந்த மாசம் அளந்தாங்க? சித்திரையில அளந்ததை வெச்சு கார்த்திகையை முடிவு பண்ண முடியாது.

மூணு, மண் திரவமாகுமான்னு கணக்குப் போட்டாங்களா? இது இன்ஜினியரோட தனிப்பட்ட விருப்பம் இல்ல. நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893-ல, 2016 பதிப்புல, இதைக் கணக்கிடற முறையே பின்னிணைப்பா இருக்கு.

நாலு, ஆகும்னு வந்திருந்தா என்ன பண்ணினீங்க? மணலை இறுக்கினீங்களா, ஸ்டோன் காலம் போட்டீங்களா? பைல்னா எந்த அடுக்குல போய் நிக்குது?

ரிப்போர்ட் புரியலன்னா பரவாயில்ல. தெரிஞ்ச சிவில் இன்ஜினியர்கிட்ட, முடிஞ்சா மண்ணியல் படிச்சவங்ககிட்ட கொடுங்க. ஆகற செலவு உங்க பதிவுக் கட்டணத்துல ஒரு மூலைக்கு வராது.

அக்கா வீட்டுக் கதை என்னாச்சு?

அக்கா விடல. மூணு தடவை போய் நின்னு, கடைசியில ரிப்போர்ட்டோட நகலை வாங்கிட்டாங்க. வாட்ஸ்அப்ல எனக்கு வந்துச்சு. ரெண்டே ரெண்டு போர். மேல் எட்டு மீட்டர் முழுக்க நைஸ் மணல். என் வேல்யூ 6, 8, 7, இப்படி. தண்ணி ஒன்றரை மீட்டர்ல. பைல் ஒன்பது மீட்டரோட நிக்குது. மண் திரவமாகுமான்னு ஒரு வரி கூட இல்ல, மண்ணை இறுக்கினதாவும் இல்ல. எனக்கு மேல படிச்ச ஒருத்தர்கிட்ட காட்டினேன். அவரும் அதையேதான் சொன்னார்: இடம் மோசம்னு சொல்ல முடியாது, சரி பண்ணியிருக்கலாம், பண்ணல.

இதை அக்காகிட்ட சொல்ல எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அந்த விலைக்கு வேற கிடைக்காது. பொண்ணுக்கும் அந்த மொட்டை மாடி பிடிச்சுப் போச்சு. நான் இழுத்து இழுத்துச் சொல்லிக்கிட்டிருந்தேன். "நிலநடுக்கம் வராமலே கூட போகலாம் அக்கா, ஆனா..."

மாமா போனை வாங்கினார். "மாப்ள, பாவு சரியில்லன்னு தெரிஞ்சா நான் தறியில உட்காரவே மாட்டேன். அப்புறம் என்ன ஜரிகை போட்டு என்ன?"

அட்வான்ஸ் கொடுக்கல. இப்போ வேற இடம் தேடிக்கிட்டிருக்காங்க. கொஞ்சம் உள்ள தள்ளி, கொஞ்சம் சின்ன வீடு, கடல் தெரியாது. போன வாரம் ஒரு சைட்டுக்குப் போயிருக்காங்க. அங்க இருந்தவர் சிரிக்கல, ஃபைலை எடுத்துக் காட்டினாராம். படம் எனக்கு வந்திருக்கு, இன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து படிக்கணும்.

நீங்களும் வீடு பார்த்துக்கிட்டிருந்தா அந்த நாலு கேள்வியையும் குறிச்சு வெச்சுக்கோங்க. யாராவது சிரிச்சா, சிரிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னு மறுபடி கேளுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம். வணக்கம்.